வீட்டு லினக்ஸ் கணினி மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிற பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியை பாஸ் லினக்ஸோடு பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டுகிறவர்களும் உண்டு. இந்தக் குறிப்பு அந்த மாதிரி வீட்டுக் கணினிகளுக்கானது. மின்ட், உபுண்டு, டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் செல்லும். பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான் என்பதால் பெரும்பாலான படிகள் அதற்கும் ஒத்துவரும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படியே தமிழில் கொடுத்திருக்கிறோம். போனில் ஒருவர் சொல்ல மற்றவர் அடிக்கும்போது இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சன்னல்) அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வோம். பெயர் நீளமாக இருந்தால் முதல் நாலைந்து எழுத்தை அடித்து டேப் கீயைத் தட்டுங்கள், மிச்சத்தைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். எழுத்துப் பிழையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு பழக்கம் வேண்டும்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. நாலு பேர் சொன்ன நாலு வழியையும் ஒரே மூச்சில் செய்து பார்த்தால் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கரண்ட் போய் வந்ததும் கறுப்புத் திரையில் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று நிற்கிறது

நம் ஊரில் அடிக்கடி பார்க்கக்கூடிய கோளாறு இது. இனிட்ராம்எஃப்எஸ் என்பது லினக்ஸ் முழுதாகத் திறப்பதற்கு முன் ஓடும் சின்னத் தற்காலிக அமைப்பு. கணினி டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடுகிறது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) தான் செய்யப்போவதை முன்கூட்டியே ஜர்னலில் குறித்துக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் தானே சமாளித்துவிடும். சமாளிக்க முடியாத அளவுக்குக் குழம்பியிருந்தால், "நீங்களே வந்து சரிபாருங்கள்" என்று இந்த இடத்தில் நின்றுகொள்ளும்.

திரையில் உள்ளதை முழுதாகப் படியுங்கள். இரண்டு விதமான செய்திகள் வரலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் விதத்தில் "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்ஸி, ரன் எஃப்எஸ்சிகே மேன்யுவலி" என்று இருக்கும். அதற்கு முன்னால் "ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ2" என்பது போல ஒரு பெயர் தெரியும். அதுதான் அடிபட்ட பகுதி. பெயர் தெரியவில்லை என்றால் "எக்ஸிட்" என்று அடித்து என்டர் தட்டுங்கள், செய்தி பெயரோடு திரும்ப வரும். பிறகு கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளையான "எஃப்எஸ்சிகே", ஓர் இடைவெளி, "மைனஸ் ஒய்", ஓர் இடைவெளி, திரையில் பார்த்த அதே பெயர். உங்கள் கணினியில் எஸ்டிஏ2 என்று இல்லாமல் என்விஎம்ஈ0என்1பி2 என்று இருக்கலாம், திரையில் உள்ளதையே அடியுங்கள். வரிகள் ஓடி முடிந்து "ஃபைல் சிஸ்டம் வாஸ் மாடிஃபைடு" என்று வந்தால், மறுபடி "எக்ஸிட்". கணினி விட்ட இடத்திலிருந்து திறந்துகொள்ளும். ஏதாவது கோப்பைக் காணவில்லை என்றால் அந்தப் பகுதியின் வேரில் "லாஸ்ட்+ஃபவுண்ட்" என்ற அடைவைப் பாருங்கள். பெயர் தொலைந்த கோப்புகள் எண்களோடு அங்கே கிடக்கும்.

இரண்டாவது விதத்தில் "அலர்ட்" என்று தொடங்கி, நீளமான ஒரு யூயூஐடி எண்ணை (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) சொல்லி, "டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று முடியும். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இங்கே எஃப்எஸ்சிகே போடுவதில் பயனில்லை. மேசைக் கணினி என்றால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். பிறகு பயாஸுக்குள் (லினக்ஸ் திறப்பதற்கு முன் வன்பொருளை அமைக்கும் திரை) போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் பேட்டரி செத்து அமைப்புகள் பழையபடி மாறியிருந்தாலும் இதே செய்தி வரும்.

ஒரு எச்சரிக்கை. திரையில் "ஐஓ எரர்" என்று வரிசையாக வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ எஃப்எஸ்சிகேவை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கை அது அங்குமிங்கும் ஓடவைத்து, மிச்ச உயிரையும் எடுத்துவிடும். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) கணினியைத் திறந்து, "ஜிடிடிரெஸ்கியூ" என்ற மென்பொருள் பொதியிலுள்ள டிடிரெஸ்கியூவைக் கொண்டு முதலில் டிஸ்க்கை வேறொன்றில் நகலெடுங்கள். சரிபார்ப்பதை நகலில் வைத்துக்கொள்ளலாம்.

கணினி திறந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. மெனுவில் "டிஸ்க்ஸ்" செயலியைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் "ஸ்மார்ட் டேட்டா" பாருங்கள். 5-ஆம் வரி மாற்றி ஒதுக்கிய செக்டர்களை (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) சொல்லும். 197-ஆம் வரி படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைச் சொல்லும். 197-இல் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த எண் ஏறினால் புது டிஸ்க் வாங்க வேண்டியதுதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கணினி மட்டும் அணைந்து எழுந்திருக்கிறதா? இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் "யுபிஎஸ்" என்றும் "எக்கோ" அல்லது "நார்மல்" என்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எக்கோவில் இருந்தால் மின்சாரம் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஃபேனும் லைட்டும் அதைத் தாங்கும், கணினி தாங்காது. சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கிற நேரத்துக்குத்தான் அது, அதை நம்பி வேலையைத் தொடராதீர்கள்.

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்கிறது

யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயப்படுவதற்கு முன் திரையின் மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். 2015 என்றோ 2010 என்றோ காட்டினால் திருடன் யாரும் வரவில்லை, பயாஸ் பேட்டரிதான் தீர்ந்திருக்கிறது. தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி 2015-இல் இருந்தால் இன்றைய சான்றிதழ் அதற்கு "இன்னும் செல்லுபடியாகாதது". அப்டேட் ஓடும்போது "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்" என்று வருவதற்கும் இதுவே காரணம்.

உடனடி வைத்தியம்: "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ". "சூடோ" என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். இணையம் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் நேரம் சரியாகும். ஆனால் கரண்ட் போனால் மறுபடி பழைய கதை.

பேட்டரியை மாற்றுவது அரை மணி நேர வேலை. சிஆர்2032 என்று எழுதிய, நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். பேட்டரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே எம்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், கீழே மதர்போர்டின் தடங்கள் கீறிப்போகும். புதியதைக் கூட்டல் குறி மேலே பார்க்கும்படி வையுங்கள். மடிக்கணினியில் இது பலசமயம் ஒயரோடு சேர்ந்து ஒட்டப்பட்டிருக்கும், அதை பழக்கப்பட்டவரிடம் விடுவது நல்லது.

மாற்றிய பிறகு பயாஸில் தேதி, பூட் வரிசை, சாட்டா முறை, செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலைத் தொடக்கத்தில் ஓட விடாத காவல்) நான்கையும் பாருங்கள். செக்யூர் பூட் தானாக இயங்கத் தொடங்கி, அதனால் வைஃபை காணாமல் போனால், காரணம் கீழே வைஃபை பகுதியில் இருக்கிறது.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தள்ளியிருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அதே கணினியில் விண்டோஸும் இருக்கும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதும், லினக்ஸ் உலக நேரத்தை எழுதும். "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்றால் லினக்ஸும் விண்டோஸின் வழிக்கு வந்துவிடும்.

கடவுச்சொல்லை ஏற்கிறது, திரை மினுக்கி மறுபடி கடவுச்சொல் கேட்கிறது

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, அப்படித்தான் இருக்கும். உள்ளே போனதும் "டிஎஃப் மைனஸ் ஹெச்". ஸ்லாஷ் மட்டும் உள்ள வரியில் 100 சதவீதம் என்று இருந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது. உள்நுழையும்போது எழுத வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளுக்குக்கூட இடமில்லை, அதனால்தான் வெளியே தள்ளுகிறது.

இடம் பிடித்திருப்பது மின்டில் பெரும்பாலும் டைம்ஷிப்ட் என்ற செயலி எடுத்து வைத்த பழைய ஸ்னாப்ஷாட்கள்தான் (இயங்குதளத்தின் நகல்கள்). "சூடோ டைம்ஷிப்ட் மைனஸ் மைனஸ் லிஸ்ட்" எல்லாவற்றையும் காட்டும், "மைனஸ் மைனஸ் டெலீட்" போட்டால் எதை நீக்க என்று கேட்கும். புதியது ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். அடுத்து "சூடோ ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் வேக்யூம்-சைஸ்=200எம்", இதில் எம் மட்டும் பெரிய எழுத்து. பழைய கெர்னல்களுக்கு (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) "சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்".

டிஸ்க்கில் இடம் இருந்தும் இதே தொல்லை என்றால் "எல்எஸ் மைனஸ் எல்ஏ" போட்டு, புள்ளியோடு தொடங்கும் "எக்ஸ்அத்தாரிட்டி" கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அதில் எக்ஸ் பெரிய எழுத்து. உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ரூட்" (நிர்வாகி) என்று இருந்தால், எப்போதோ சன்னல் உள்ள ஒரு செயலியை சூடோ போட்டுத் திறந்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பை நீக்கிவிடலாம், அடுத்த முறை உள்நுழையும்போது கணினி புதிதாக உருவாக்கிக்கொள்ளும். மின்டில் பழைய திரைக்குத் திரும்ப கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7.

மத்தியானத்தில் திடீரென்று அணைந்துவிடுகிறது

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் அறையில் கணினி உள்ளே இழுக்கிற காற்றே சூடாக இருக்கும். முதலில் இது சூடா, மின்சாரமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். மறுபடி திறந்து "ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 மைனஸ் ஈ" என்று அடித்தால், அணைந்ததற்கு முந்தைய கடைசி வரிகள் தெரியும். "கிரிட்டிக்கல் டெம்பரேச்சர்" என்றோ "தெர்மல்" என்றோ இருந்தால் சூடு. எந்தச் செய்தியும் இல்லாமல் பாதி வேலையில் அறுந்தமாதிரி நின்றிருந்தால் கரண்ட், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) அல்லது தளர்ந்த பிளக் என்ற பக்கம் தேடுங்கள். சூடு மிக வேகமாக ஏறியிருந்தாலும் எழுத நேரமில்லாமல் போகலாம், ஆகவே "சென்சார்ஸ்" கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 80 டிகிரி காட்டினால் உள்ளே அடைப்பு இருக்கிறது.

குடியாத்தம் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சு இழையும், பீடி சுற்றுகிற வீடுகளில் புகையிலைத் தூளும் பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் அடியில் அந்தப் போர்வை இருப்பது தெரியும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்று வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். ஹீட்சிங்க்கைத் தூக்கினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, ஒரு பச்சரிசி அளவு புதிது வைத்தால் போதும்.

வைஃபை சின்னமே இல்லை

"ஆர்எஃப்கில் லிஸ்ட்" அடியுங்கள். "ஹார்டு பிளாக்டு எஸ்" என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டு சுவிட்ச் அல்லது எஃப்என் கீ வைஃபையை அணைத்திருக்கிறது. "சாஃப்ட் பிளாக்டு எஸ்" என்றால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்". பட்டியலில் வைஃபை என்ற வரியே இல்லை என்றால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை.

டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று தவிக்க வேண்டாம். மொபைலை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் "யுஎஸ்பி டெதரிங்" போடுங்கள். லினக்ஸ் அதை லேன் கேபிள் மாதிரி எடுத்துக்கொள்ளும். மின்டில் "டிரைவர் மேனேஜர்" திறந்தால் பிராட்காம் சிப்புக்கான டிரைவர் பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

போட்ட பிறகும் வரவில்லையா? செக்யூர் பூட் இயங்கினால், வெளியிலிருந்து வந்த டிரைவருக்கு நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். அடுத்த முறை கணினி திறக்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் பயந்து "கன்டினியூ பூட்" தட்டிவிடுகிறார்கள், நீலத் திரை அப்புறம் வராது. உபுண்டுவிலும் மின்டிலும் "சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி மைனஸ் மைனஸ் என்ரோல்-கீ" என்று அடித்தால் மறுபடி வரவைக்கலாம். வைஃபைக்காக செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது எளிய வழிதான், ஆனாலும் ஐந்து நிமிடம் செலவழித்து ஒப்புதல் தருவதைத்தான் நாங்கள் சொல்வோம்.

சின்னத் தொல்லைகள்

"குட் நாட் கெட் லாக்" என்று அப்டேட் நின்றால் பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடுகிறது. பத்து நிமிடம் பொறுங்கள். லாக் கோப்பை நீக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள், இரண்டு அப்டேட்டும் ஒரே பட்டியலில் எழுதினால் பொதிகள் அரைகுறையாகிவிடும். கரண்ட் போய் அரைகுறையாக நின்றிருந்தால் "சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ", பிறகு "சூடோ ஏபிடி மைனஸ் மைனஸ் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்".

அப்டேட் முடிந்து திறந்தால் வெறும் கறுப்புத் திரை என்றால், பவர் போட்டதும் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டுங்கள், பழைய பயாஸ் கணினி என்றால் ஷிப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். அப்போது வரும் கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திறந்தால் புதிய கெர்னலோ அதற்கான டிரைவரோதான் காரணம்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 போன்ற பிரின்டர்கள் அப்டேட்டுக்குப் பிறகு சத்தமில்லாமல் நின்றால் "ஹெச்பி-பிளகின்" ஓட்டுங்கள். அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கணினிதான் ஃபர்ம்வேரை (பிரின்டருக்குள் ஓடும் நிரல்) அனுப்ப வேண்டும். ஹெச்பி பிரின்டர் மென்பொருளான ஹெச்பிஎல்ஐபியின் பதிப்பு மாறும்போது பிளகினும் அதே பதிப்பாக மாற வேண்டும்.

தமிழ்99 தட்டச்சுக்கு "ஐபஸ்-எம்17என்" பொதியைப் போட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

ஒன்றும் செய்யாதபோதும் ஃபேன் அலறுகிறது

"டாப்" என்று அடியுங்கள். அதிகம் வேலை வாங்குவது மேலே நிற்கும். உலாவி என்றால் தாவல்களை மூடுங்கள். 4 ஜிபி ரேமில் இருபது தாவல் தாங்காது.

தெரியாத பெயர் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்திருந்தால் கவனியுங்கள். கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் கெர்னலின் பெயரைப் போல வேடம் போடும். "கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்" என்பது கெர்னலின் சொந்த வேலையாள். அதே பெயரின் கடைசியில் ஓர் "ஐ" ஒட்டியிருந்தால், அது பல லினக்ஸ் கணினிகளைப் பிடித்த தீநிரல். ஒரே எழுத்துதான் வித்தியாசம். "பிஎஸ் ஆக்ஸ்" பட்டியலில் கெர்னலின் வேலையாட்கள் சதுர அடைப்புக்குள் வருவார்கள். சந்தேகப்படுவதன் எண்ணை வைத்து "சூடோ எல்எஸ் மைனஸ் எல் ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் அந்த எண் ஸ்லாஷ் எக்ஸ்ஈ" என்று கேட்டால் அது எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். டிஎம்பி அடைவிலோ டெவ் எஸ்ஹெச்எம் அடைவிலோ இருந்து ஓடினால் நல்ல சகுனம் இல்லை.

கொன்றால் மறுபடி எழுந்து வரும். எழுப்பிவிடுகிறவன் ஒளிந்திருக்கும் இடங்கள்: "கிரான்டேப் மைனஸ் எல்" (சூடோவோடும் சூடோ இல்லாமலும் இருமுறை பாருங்கள்), வீட்டு அடைவில் புள்ளி கான்ஃபிக் உள்ளே ஆட்டோஸ்டார்ட், புள்ளி எஸ்எஸ்ஹெச் உள்ளே உள்ள "ஆதரைஸ்டு_கீஸ்" கோப்பு. கடைசியாகச் சொன்னதில் நீங்கள் போடாத ஒரு வரி இருந்தால் யாரோ சாவி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

உள்ளே வந்த வழியையும் யோசியுங்கள். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட் திறந்தபோது கணினியின் 22-ஆம் போர்ட்டும் (தூரத்திலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் வழி) திறந்துவிட்டதா? எங்கோ பார்த்த "கர்ல்... பைப்... சூடோ பாஷ்" வரியை அப்படியே ஒட்டினீர்களா? "எஸ்எஸ் மைனஸ் டியூஎல்பிஎன்" கட்டளையை சூடோவோடு அடித்தால் எந்தப் போர்ட்டில் யார் காதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும்.

ஊடுருவல் உறுதி என்றால் சுத்தம் செய்து பார்க்க வேண்டாம். இணையத்தைத் துண்டியுங்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள், நிரல்களை எடுக்காதீர்கள். புதிதாக லினக்ஸ் போடுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

"உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையை அடைக்கிறது

அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், பிறகு எஃப்11, பிறகு ஆல்ட் எஃப்4. மறுபடி திறக்கும்போது பழைய தாவல்களை மீட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மூலையில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் அறிவிப்பாக வந்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு "அலவ்" கொடுத்திருக்கிறீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் அறிவிப்பு அனுமதிகளைத் திறந்து, தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள்.

வீட்டில் பெரியவர்கள் ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்துப் பணம் கட்டிவிட்டிருந்தால், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொண்டு உடனே 1930-ஐ அழையுங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் கைமாறி ஓடுவதற்குள் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

உதவி கேட்கும்போது

லினக்ஸ் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நேரத்தைத் தானமாகக் கொடுப்பவர்கள். "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதன் பிறகு என்ன மாறியது, திரையில் எழுத்துக்கு எழுத்து என்ன வருகிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று நான்கையும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், பிழைச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் வந்தபடி கொடுங்கள். மின்டில் "சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்" செயலியின் கணினித் தகவல் பக்கத்தில் "காப்பி" பொத்தான் இருக்கும். மற்றவற்றில் "இன்க்ஸி மைனஸ் எஃப்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்இசட்", எஃப் மட்டும் பெரிய எழுத்து. அந்த இசட் உங்கள் ஐபி முகவரி, சீரியல் எண்களை மறைத்துவிடும், விட்டுவிடாதீர்கள்.

பதிலாக வரும் கட்டளையை ஒட்டாமல் கையால் அடியுங்கள், அடிக்கும்போதே படிப்பீர்கள். "ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்", "எம்கேஎஃப்எஸ்", "டிடி" என்று தொடங்குவன அழிக்கக்கூடியவை. என்ன செய்யும் என்று விளக்கம் கேளுங்கள். நல்ல உதவியாளர் கோபிக்க மாட்டார். அனுமதிப் பிரச்சினைக்கு "சிஹெச்மாட் மைனஸ் ஆர் 777" (ஆர் பெரிய எழுத்து) போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேர் அடைவில் அதை ஓட்டினால் சூடோவே வேலை செய்ய மறுக்கும், மீள்வதற்குப் புதிதாக நிறுவுவதுதான் சுருக்கமான வழியாக இருக்கும்.

தூரத்திலிருந்து உங்கள் திரையைப் பிடிக்க விட்டால், முடியும்வரை எதிரிலேயே உட்காருங்கள். கடவுச்சொல்லை வாயால் சொல்லாதீர்கள், கேட்கும் இடத்தில் நீங்களே அடியுங்கள். வேலை முடிந்ததும் அந்தச் செயலியை நீக்குங்கள்.

சரியான பிறகு பூட்ட வேண்டியவை

முதலில் பதிப்பு. மின்ட் 20-க்கு 2025 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது. மின்ட் 22-க்கு 2029 வரை உண்டு. விலையில்லா மடிக்கணினியோடு வந்த அன்றைய பாஸ் பதிப்பில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

லினக்ஸ் நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பைப் புதிதாக இறக்கினால் "எஸ்ஹெச்ஏ256சம்" போட்டு, மின்ட் தளத்தில் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள், கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் ஐஎஸ்ஓவின் இணைப்பைப் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது, நிலையான கிளைக்குப் போகவில்லை. வீட்டுக் கணினிக்கு நிலையான பதிப்பு போதும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஃபயர்வாலுக்கு "சூடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்" ஒரு வரி, வெளியிலிருந்து வருவதை மறுத்துவிடும். ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் "அட்மின்" என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ் (பொத்தானாலோ எண்ணாலோ வைஃபையில் சேர்க்கும்) வசதியை அணையுங்கள். காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் மடிக்கணினியைத் தூக்கிப் போகிறவர்கள், அடுத்த முறை லினக்ஸ் நிறுவும்போது முழு டிஸ்க் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கடவுத்தொடரை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி நகைப்பெட்டியோடு வைக்கலாம்.

டைம்ஷிப்ட் இயங்குதளத்தை மட்டும் காக்கும், உங்கள் படங்களையும் பத்திர நகல்களையும் வழக்கமாக அது எடுத்து வைக்காது. அவற்றைத் தனி வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருந்தால் இடியும் மின்னழுத்தமும் கணினியோடு அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கைச் செருகி, நாலைந்து படத்தையும் ஒரு பத்திரத்தையும் திறந்து பாருங்கள். திறந்தால் பீரோவில் வையுங்கள். திறக்கவில்லை என்றால், மூலம் இன்னும் கணினியில் இருக்கும்போதே வேறொரு டிஸ்க்கில் எடுங்கள்.